எந்த ஆமாங்க?

என் அலுவலக மேசை இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறது. அதில் பென்சிலால் இழுத்த ஒரு கோடு வளைந்து வளைந்து போகிறது. கோட்டின் ஓரமாகச் சின்னச் சின்னப் படங்கள்: ஒரு வீடு, ஒரு மளிகைக் கடை, ஒரு பள்ளி வேன், ஒரு இரும்புக் கேட், ஒரு கரும்பலகை, கடைசியில் ஒரு மேசையும் நாற்காலியும். எனக்குப் படம் வராது. வேன், கால் முளைத்த எலுமிச்சம்பழம் போல இருக்கும். கடை, வேன், கேட், கரும்பலகை என்ற நான்கு படங்களுக்கும் பக்கத்தில் எதையோ ஒட்டி உரித்த தடம் இருக்கிறது. மேசை நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பனியன் கம்பெனிக்குள் போய்வந்தவர்களுக்கு அந்த ஸ்டிக்கரைத் தெரியும். தைத்து வந்த துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் பெண்கள், ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால் அந்த இடத்தை நோக்கி ஓர் அம்பை ஒட்டுவார்கள். என்ன பழுது என்று அது சொல்லாது. இங்கே பார் என்று மட்டும் சொல்லும். பழுது சரியானதும் உரித்துவிடுவார்கள். அந்தத் தாளில் ஸ்டிக்கர்களை ஒட்டியவர் அப்படிச் செக்கிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண். அவருடைய பெயர் என் கோப்பில் இருக்கிறது. மனதுக்குள் எனக்கு அவர் எப்போதும் செக்கிங் அக்காதான்.

அவரைச் சந்தித்தபோது எனக்கு வேலை கிடைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா கம்பெனியில் இஸ்திரி போடுகிறவர். அம்மா துணி மடிக்கிறவர். நான் கோவையில் உளவியல் படித்து முடித்து, பள்ளிகள் அனுப்பும் குழந்தைகளைப் பார்க்கும் ஒரு சின்ன ஆலோசனை மையத்தில் சேர்ந்தேன். வாரத்துக்கு ஒருமுறை கோவையிலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாட்களில் நான் ஒருத்திதான். கதவில் என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதிய பலகை இருந்தது. அப்பா ஒருநாள் வந்து அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், "வா கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா "வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் கேலி என்று நினைத்தேன். கேலி இல்லை. மகளிடமிருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்று பெருமைப்பட்டுக்கொள்ள அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும் அந்த 'ங்க' பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

செக்கிங் அக்காவின் மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து டீச்சர் பெயர் கூப்பிட, எல்லாக் குழந்தைகளும் "பிரசன்ட் மிஸ்" என்று கத்தும்போது, இவள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னவென்று பார்த்து எழுதிக்கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளட்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டில் கலகலவென்று பேசும் குழந்தைக்குச் சில இடங்களில் மட்டும் குரல் எழும்பாமல் போகிற நிலை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் செலக்டிவ் மியூட்டிசம் என்பார்கள். பெயரைக் கேட்டால் குழந்தையே தேர்ந்தெடுத்துப் பேசாமல் இருப்பது போலத் தோன்றும். உண்மையில் அது பயம். தொண்டையைப் பிடித்து நிறுத்துகிற பயம். இதைக் கண்டுபிடிக்கக் குழந்தையைக் கேட்டுப் பயனில்லை, அது பேசாது. அதனால் பெற்றோரிடம் கேட்பதற்கென்று ஒரு கேள்வித்தாள் உண்டு. பள்ளியில், வீட்டில், வெளியிடங்களில் என்று மூன்று பகுதி. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில்கள்: எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை. அதை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது நான்தான். "தேவை ஏற்படும்போது தங்கள் குழந்தை ஆசிரியரிடம் வினா எழுப்புகிறதா?" என்று எழுதியிருந்தேன். அந்தத் தமிழை நினைத்து அன்று எனக்கு அவ்வளவு பெருமை.

அக்கா கம்பெனியில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தார். சேவூர்ப் பக்கம் ஊர். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவர். சேலையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். குழந்தை மூலையில் இருந்த குட்டி மேசையில், கலர் பென்சில்களைத் தொடாமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களே எழுதறீங்களா அக்கா?" என்று கேட்டேன். "எழுத்து நமக்கு வராதுங்க மேடம், நீங்க கேளுங்க" என்றார். நான் படிக்கத் தொடங்கினேன்.

"குழந்தை ஆசிரியரிடம் பேசுகிறதா? எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை."

"ஆமாங்க."

"எப்பவுமா?"

"ஆமாங்க."

"சரி, அடுத்தது. வகுப்பில் மற்ற குழந்தைகளிடம்?"

"ஆமாங்க."

"கடைக்காரர் போன்ற அறிமுகமற்றவர்களிடம்?"

"ஆமாங்க மேடம்."

அவர் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டி, மிகுந்த மரியாதையோடு சொன்னார். நான் தாளைப் பார்த்துக்கொண்டே 'எப்போதும்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு போனேன். டிக்குகள் ஒரே வரிசையில் மேலிருந்து கீழாக நேராக இறங்கின. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. குழந்தை பேசவில்லை என்கிறார் டீச்சர், எப்போதும் பேசுகிறாள் என்கிறார் தாய். அப்படியானால் இது பயமாக இருக்காது, அந்த டீச்சர் மேல் உள்ள வீம்பு என்று என் மூளை ஒரு முடிவுக்கு வந்தது. "தாயின் விடைகளின்படி பேச்சுத் தயக்கம் காணப்படவில்லை. பிடிவாதமாக இருக்கலாம்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். டாக்டர் வரும்வரை நான் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை.

பிடிவாதம் என்ற சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு மருந்துதான் தெரியும். "பிரசன்ட் மிஸ்" சொல்லும்வரை நில் என்று அவளைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவள் நின்றாள். முதல் பாடவேளை முழுக்க, தினமும். ஒருநாள் பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்க முடியாமல் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் வேனில் ஏறவில்லை.

செக்கிங் அக்கா மறுபடி வந்தபோது குழந்தை உடன் இல்லை. கோபமாகத்தான் வந்திருந்தார். ஆனால் அந்தக் கோபத்திலும் 'ங்க' குறையவில்லை. "எம் புள்ளைக்குப் புடிவாதம்னு எழுதிக் குடுத்தீங்களாமாங்க. டீச்சரு படிச்சுக் காட்னாங்க. அவ ஊட்டுல பேசற பேச்சு உங்களுக்குத் தெரியாதுங்க. கேளுங்க மேடம்" என்று போனை என் மேசை மேல் வைத்தார். சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் கணவருக்குக் குரல் பதிவுகள் அனுப்பிப் பழகியவர் அவர். மகளுக்குத் தெரியாமல் அவள் விளையாடுவதையும் பதிவு செய்திருந்தார்.

முதலில் ஏதோ உருளும் சத்தம். நூல் தீர்ந்த அட்டைக் கோன்களை வரிசையாக உட்காரவைத்து விளையாடுவாளாம். பிறகு ஒரு குரல். தெளிவான, கொஞ்சம் மூக்கால் பேசுகிற, அதட்டலான குரல்.

"உங்க பாப்பா சிரிக்குமா? எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை."

அடுத்து அதே குரல் பம்மி, மெலிந்து: "ஆமாங்க."

நாக்கால் ஒரு சத்தம்: "டிக்." மறுபடி அதட்டல்: "சரி, அடுத்தது. உங்க பாப்பா நெலாவுக்குப் போயிட்டு வருமா?"

"ஆமாங்க."

"டிக். சரி, அடுத்தது. உங்க பாப்பா யானையத் திங்குமா?"

"ஆமாங்க மேடம்."

"டிக்."

அக்காவுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுக் குழந்தை பதினைந்தே நிமிடத்தில் கண்டுபிடித்ததை, கதவில் பட்டத்தை மாட்டிவைத்திருந்த நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் ஊரில் 'ஆமாங்க' என்றால் ஆம் என்று மட்டும் பொருளில்லை. நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள், உங்கள் பேச்சை நான் மறிக்கவில்லை என்பதும் அதில் உண்டு. அந்த 'ஆமாங்க'வைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். முதலாளி பேசும்போது அப்பா சொல்வார். ரேஷன் கடைக்காரர் எரிந்து விழும்போது அம்மா சொல்வார். வேறு ஊரிலிருந்து வந்த ஒருத்தி இந்தத் தவறைச் செய்திருந்தால் ஊர் தெரியாதவள் என்று விட்டுவிடலாம். ஊர் தெரிந்தும், ஊரைத் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்ததில்தான் நான் தவறினேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போய், ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "அம்மா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். ஒரு புள்ளையத் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

"ஆமா கண்ணு" என்றார் அம்மா. "அப்பளம் பொரிக்கட்டுமா?"

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தை எனக்காகக் குறைத்தார். நான் என்ன சொன்னாலும் அதைக் கேட்டுப் பெருமைப்பட இருவரும் தயாராக இருந்தார்கள். என்ன சொன்னேன் என்று கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு கேள்வித்தாளை யாராவது நிரப்பியிருந்தால் டிக்குகள் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே அப்பளத்தைத் தின்றேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "திரும்பக் கேளு. ஆனா உன் ரூம்ல வேண்டாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். வரிசையாக எட்டு வீடுகள் இருந்த ஒரு காம்பவுண்டில் ஓர் அறையும் சமையல் இடமும். என் தலையைக் கண்டதும் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். கேள்வித்தாளை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வெள்ளைத் தாளில் அவர்கள் வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும், பிறகு என் மையம் வரைக்கும் ஒரு கோடு இழுத்து, வழியில் உள்ளதையெல்லாம் வரைந்தேன். அக்கா எட்டிப் பார்த்து, "இது என்னுங்க, ஆட்டுக்குட்டியா?" என்றார். "வேனுங்க அக்கா." "அய்யோ சாமி!" என்று அவர் சிரித்தபோதுதான் முதல்முறையாக என் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இந்த வழியில பாப்பாவோட பேச்சு எங்கெங்க நின்னு போகுதுன்னு காட்டுங்க" என்றேன். அவர் எழுந்துபோய், வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் பட்டையை எடுத்துவந்தார். துணியைப் பார்ப்பது போலவே தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். வீட்டைத் தாண்டினார். கடையில் ஒன்று. "இங்க கடைக்காரண்ணன் கேட்டா, எங் காதுல வந்து சொல்லுவாளுங்க." வேனில் ஒன்று. "இதுல ஏறுனதும் அதுவுங் கெடையாது." கேட்டில் ஒன்று. "இங்க கையக் காலக்கூட அசைக்க மாட்டா, பொம்ம மாதிரி." கரும்பலகையில் ஒன்று ஒட்டினார். நான் எழுதிக்கொண்டேன். மையத்துக்குத் திரும்பிக் கேள்வித்தாளைத் திருத்தியபோது, வீட்டுப் பகுதியைத் தவிர 'எப்போதும்' என்ற கட்டத்தில் இருந்தவை எல்லாம் 'ஒருபோதும் இல்லை' கட்டத்துக்குப் போயின.

பிறகு ஐந்தாவதாக ஒன்றை உரித்து, என் மேசை நாற்காலிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

"பாப்பா அங்கயும் பேசலதான்" என்றேன்.

"இது அவளுக்கு இல்லீங்க அம்மிணி" என்றார் அக்கா. அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர். "இது எனக்குங்க. அங்க வந்து உக்காந்தனுங்களா, நீங்க பொஸ்தகத்துல இருக்கற மாதிரி கேட்டீங்களா, எனக்குப் பேச்சே வரலீங்க. எங்க சூப்பர்வைசரு கத்துனா ஆமாங்க ஆமாங்கன்னு சொல்லிட்டு நாங்க எங்க வேலையப் பாத்துக்குவோம். அதே வாயிதானுங்க அங்கயும் வந்துருச்சு. எம் புள்ளைக்கு வாயத் தொறக்கத் தெரியிலீன்னு உங்ககிட்ட வந்தனுங்க. அங்க எனக்குந்தான் தெரியில."

கட்டிலுக்கு அடியிலிருந்து மிக மெதுவாக ஒரு சத்தம் வந்தது. "டிக்." நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

புதிய அறிக்கையை டாக்டரின் கையெழுத்தோடு நானே பள்ளிக்குக் கொண்டுபோனேன். வகுப்பு டீச்சர் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். "போன மாசம் நீங்கதான மேடம் புடிவாதம்னு எழுதிக் குடுத்தீங்க? உங்க முத்திரையப் பாத்துத்தான நானும் நிக்கவெச்சேன்?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "தப்பு என்னுது." கையெழுத்துப் போடுவதைவிட அதைச் சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது. டீச்சர், "நானும் நிறுத்திப்போட்டனே மேடம், சின்னப் புள்ளைய" என்றார். அதன் பிறகு அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

டாக்டர் சொன்ன வழி எளிமையானது. குரல் வரும் இடத்தில் இருப்பவரை, குரல் நிற்கும் இடத்துக்கு அழைத்துவருவது. மணி அடிப்பதற்கு முன்னால், யாரும் இல்லாத வகுப்பறையில், அக்காவும் மகளும் மட்டும் இருக்க வேண்டும். அக்கா ஒரு பை நிறைய வெறும் கோன்களைக் கொண்டுவந்து பெஞ்சுகளில் உட்காரவைத்தார். பதிவேடு வைத்திருப்பதுபோல உள்ளங்கையைப் பார்த்து ஒவ்வொரு கோனுக்கும் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். குழந்தை எல்லாக் கோன்களுக்காகவும் "பிரசன்ட் மிஸ்" சொல்ல வேண்டும். நாட்கள் போகப் போக டீச்சர் வராந்தாக் கடைசியில் நிற்பார், பிறகு கதவருகில், பிறகு உள்ளே.

எனக்கு அந்தத் திட்டத்தில் இடம் மாடிப்படிக்குப் பின்னால். அங்கிருந்து அக்கா கூப்பிடுவது கேட்கும். பதில் கேட்காது. பதில் கேட்கவேண்டுமென்றால் இன்னும் பத்தடி நெருங்க வேண்டும். நெருங்கினால் பதில் இருக்காது. தினமும் காலையில் அங்கே நின்று, அக்கா ஒரு பெயரைக் கூப்பிடுவதற்கும் அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கேட்டேன். ஒருநாள் அந்த இடைவெளி சற்று நீண்டது. அக்கா "இன்னொருக்கா சொல்லு சாமி" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பத்து நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். "இன்னிக்கு எல்லாப் புள்ளைங்க முன்னாடியும் சொல்லிட்டா மேடம். சத்தம் இல்ல. ஆனா வெறும் ஒதடு மட்டும் இல்ல, காத்து வந்துச்சு" என்றார். அழுதிருந்தார் என்று குரலில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அலுவலகத்தில் வேறு யாரும் இல்லாததால் கதவைச் சாத்த வேண்டியிருக்கவில்லை.

ஆண்டுக் கடைசியில் குழந்தை இரண்டாம் வகுப்புக்குப் போனாள். அக்கா அதைச் சொல்ல வந்தார். நான் அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நகத்தால் ஒவ்வொரு ஸ்டிக்கராக, காகிதம் கிழியாமல் உரித்தார். கடை, வேன், கேட், கரும்பலகை. மேசை நாற்காலிக்கு வந்ததும் விரல் நின்றது.

"அதையும் எடுத்துருங்கக்கா."

"அது இன்னும் சரியாகலீங்களே" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அன்றைக்கும் அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அது முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது நான் கேள்வித்தாளைப் படித்துக்காட்டுவதில்லை. ஒவ்வோர் ஆமாங்கவுக்குப் பிறகும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் காத்திருந்தால் இரண்டாவது வாக்கியம் வரும், அதுதான் பதில். என் வேலையில் நான் தேறிவிட்டேன் என்று பெருமையாகவே சொல்வேன். அப்பா இன்னும் "வாங்க" என்கிறார். அம்மாவிடம் அதே போலக் காத்திருந்து பார்த்தேன். "என்ன கண்ணு, ஒடம்புக்கு முடியலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சென்ற வாரம் பெருமாநல்லூர் சாலையில் ஒரு பேக்கரி வாசலில் அவர்களைப் பார்த்தேன். முதலில் கேட்டது குரல்தான். "அண்ணா, அதில்ல, அந்தப் பக்கத்துது, தேங்காப் பன்னு!" கொஞ்சம் மூக்கால் பேசுகிற, அதட்டலான குரல். உயரமாகியிருந்தாள். கடைக்காரர் வேண்டுமென்றே வேறொன்றை எடுக்க, அவள் "அய்யோ, உங்களுக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள். அந்தக் குரலை நான் நேரில் கேட்பது அதுதான் முதல்முறை. சந்தோஷத்தில் யோசிக்காமல் பக்கத்தில் போய்விட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பன்னைக் கையில் வாங்கிக்கொண்டாள். வாய் மூடிக்கொண்டது. அக்கா சட்டென்று நேராக நின்று முந்தானையைச் சரிசெய்தார்.

"நல்லா இருக்கீங்களா அக்கா?"

"ஆமாங்க மேடம்."

நான் குனிந்து அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள். நிமிர்ந்து அக்காவிடம், "ஒருநாள் உங்க ஊட்டுக்கு வர்றனுங்க அக்கா. பாப்பா எங்கிட்டயும் பேசுவாளா?" என்றேன்.

"ஆமாங்க" என்றார் அக்கா.

காத்திருந்தேன். இரண்டாவது வாக்கியம் வரவில்லை. அவர்களுக்குப் பேருந்து வந்துவிட்டது. பேருந்து நகர்ந்து, என் முகம் தெரியாத தூரத்துக்குப் போன பிறகு, ஜன்னலோரத்தில் அவள் அம்மாவின் பக்கம் திரும்பி வேகமாக ஏதோ சொல்லத் தொடங்குவது தெரிந்தது.

இன்று காலை இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தேன். பசை காய்ந்து ஸ்டிக்கரின் ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது; ஊதினால் விழுந்துவிடும் போலிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி, இருந்த இடத்திலேயே மறுபடி ஒட்டிவைத்தேன்.